வெட்டப்பட்ட பெயர்

பெருநாள் விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த என் தங்கச்சியின் மகள், தடித்த ஆங்கில நாவலொன்றோடு மூன்று நாட்களைக் கழித்தாள். நான்காம் நாள் தேநீர் குடிக்கும்போது கதையைச் சொன்னாள். நீராவியாலும் உலைகளாலும் இயங்கும் ஒரு கற்பனை நகரம். மேலே பிரபுக்கள், கீழே கரி தின்னும் தொழிலாளர். இன்னொரு பெண்ணை நேசித்த குற்றத்துக்காக எல்லாவற்றையும் இழந்த ஒரு தொழிலாளிப் பெண், கடைசியில் அந்த ஆலைகளுக்கே தீ வைத்துப் பழி தீர்க்கிறாள்.

"இப்படியெல்லாம் எங்கயாவது நடந்திருக்கா மாமா?" என்று கேட்டாள்.

அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. திருகோணமலைக் குடாவைப் பார்த்தபடி வளர்ந்தவனுக்கு நீராவியும் உலையும் கற்பனை அல்ல. மூதூரில் லோஞ்சி ஏறினால் கடற்படைத் தளமும் கப்பல் பட்டறையும் எதிரே தெரியும். சீனன்குடாவின் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதை என் மூத்தாப்பா நேரில் கண்டவர். பட்டறையில் மூட்டை சுமந்தவர். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று ஊர் மகிழ்ந்தது. அவன் எழுதிவைத்த சட்டங்கள் போகவில்லை என்பதை எவரும் கவனிக்கவில்லை. மருமகளின் கேள்விக்கான விடை அந்தச் சட்டங்களுக்குள் கிடக்கிறது. எங்கள் குடும்பத்துக்குள்ளும் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

*

கட்டைபறிச்சான் மூதூருக்குப் பக்கத்துத் தமிழ்க் கிராமம். வயலும் களப்பும் மாடுகளும் நிறைந்த ஊர். எங்களுக்குத் தயிரும் இறாலும் அங்கிருந்து வரும். எங்கள் கடைகளிலிருந்து சீலையும் சீனியும் அங்கே போகும். யுத்தம் நடுவில் வேலி போடும் வரை இரண்டு ஊர்களும் ஒரே சந்தையில் பேரம் பேசியவை.

1982 இல் அந்தப் பக்கத்து நெல் ஆலையொன்றில் என் வாப்பா கணக்கெழுதினார். ஆலை முதலாளி எங்கள் ஆள். வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் கட்டைபறிச்சானைச் சேர்ந்தவர்கள். நெல் அவிப்பது, சீமெந்துத் தளத்தில் காயப் போடுவது, மழை இருண்டால் ஓடிப்போய்க் குவிப்பது, சாக்குக் கட்டுவது என்று விடியற்காலை தொடங்கும் வேலை. அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அவரை ஆண் என்று எழுதுவதா பெண் என்று எழுதுவதா என்ற தடுமாற்றமும் எனக்கு இல்லை. நம் மொழியில் 'அவர்' என்ற சொல் இருவருக்கும் பொது.

ஊர்க் கூத்தில் பெண் பாத்திரம் என்றால் அவர்தான். சேலை உடுத்து மேடையேறினால் விடியும் வரை கைதட்டல் ஓயாதாம். அதே நடையோடு மறுநாள் ஆலைக்கு வந்தால் ஆட்கள் சிரிப்பார்கள். மேடையில் கலையாக இருந்தது தளத்தில் கேலியானது. அவர் பொருட்படுத்துவதில்லை. நெல் அவிப்பதில் அவர் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று வாப்பாவே சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டு ஆலையில் மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனது. வேலை செய்த நாட்கள் 78. நாளுக்கு 20 ரூபா. ஆளுக்கு 1,560 ரூபா. ஏழு பேர் சேர்ந்து முதலாளியிடம் போனார்கள். பேசத் தெரிந்தவர் என்பதால் அவரை முன்னே விட்டார்கள். கடனும் நோன்பும் பெருநாளும் என்று முதலாளி காரணங்களை அடுக்கினார். "வேலை செய்த காசைத்தான் கேக்கிறம்" என்று இவர் ஒரே வசனத்தில் நின்றார்.

முதலாளி அப்போது தொனியை மாற்றினார். உமி கொட்டும் கொட்டிலில் இரவில் லொறிக்காரப் பொடியன் ஒருவனோடு இவர் தங்குவது தனக்குத் தெரியும் என்றார். "பொலிசுக்குச் சொல்லட்டா? எத்தனை வருஷம் உள்ளே வைப்பான் தெரியுமா?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. பின்னால் நின்ற ஆறு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். அந்த ஆறு பேருக்கும் அடுத்த வாரம் பாதிச் சம்பளம் கிடைத்தது. இவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. கொப்பியில் இவருடைய பெயரைக் குறுக்கே வெட்டியவர் என் வாப்பா.

*

முதலாளிக்குச் சட்டப் பிரிவின் இலக்கம் தெரிந்திருக்காது. தெரிந்திருக்கத் தேவையுமில்லை. அந்தச் சட்டத்தின் பலமே அதுதான். வழக்குப் போடாமலே வேலை செய்யும் சட்டம் அது. எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் போய்விட்டதால் கோப்பித் தோட்டங்களுக்கும் வீதி வேலைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. நிலமும் தேவைப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்றது. அடுத்த ஆண்டு இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்த இலக்கங்களோடு வந்தன. 1841 இன் 4 ஆம் இலக்கம் அலைந்து திரிவோர் சட்டம்: உழைக்கக்கூடிய உடல் இருந்தும் உழைக்காமல் திரிபவரைத் தண்டிப்பது. 1841 இன் 5 ஆம் இலக்கம் வேலையாட்கள், கூலிகள் பற்றிய சட்டம்: ஒப்பந்தப்படி வேலைக்குச் சேர்ந்தவர் இடையில் விட்டுப் போனால் சிறை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கதவின் இரு பலகைகள் தெரியும். வேலை செய்யாவிட்டாலும் குற்றம். வேலையை விட்டாலும் குற்றம்.

இந்த இரண்டில் ஐந்தாம் இலக்கத்தின் வாரிசுகளைத் தொழிலாளர் போராடி வென்றார்கள். தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் விதிகள் 1920களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டன. நான்காம் இலக்கம் நீங்கவில்லை. பிழைக்க வழியற்ற பெண்களையும், இரவில் வீதியில் நிற்கும் திருநங்கைகளையும் வண்டியில் ஏற்றுவதற்கு சுதந்திர இலங்கையின் பொலிசும் அதே சட்டத்தைத்தான் கையிலெடுத்தது. கூலிக்கு ஆள் பிடிக்கப் பிறந்த சட்டம், உடல் ஒழுங்கைக் காக்கும் சட்டமாக வேடம் மாறிக்கொண்டது.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இதற்குத் துணையாக வந்தது. மெக்கோலே குழு இந்தியாவுக்காக வரைந்து 1860 இல் நிறைவேறிய கோவையின் சாயல் அது. அங்கே 377, இங்கே 365. இயற்கைக்கு மாறான உறவுக்குப் பத்தாண்டு வரை சிறை. 365அ பிரிவு அதற்கும் ஒரு படி மேலே போய், என்னவென்றே வரையறுக்காத 'பாரதூரமான ஒழுக்கக்கேடு' என்ற குற்றத்தை உருவாக்கியது. 1885 இல் இங்கிலாந்தில் லபூஷேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தத்தின் சொற்கள் அவை. மிரட்டிப் பணம் பறிப்போருக்கான உரிமைப் பத்திரம் என்று இங்கிலாந்திலேயே அந்தத் திருத்தத்துக்குப் பெயர் விழுந்தது. வரையறை இல்லாத குற்றத்தை யார் மீதும் சுமத்தலாம். சுமத்துவேன் என்று சொன்னாலே போதும்.

*

இந்தச் சட்டம் எல்லோரையும் ஒரே மாதிரித் தொட்டதா? 1835 ஆம் ஆண்டு இலண்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஜேம்ஸ் பிராட் என்பவரும் ஜோன் ஸ்மித் என்பவரும் ஏழைத் தொழிலாளிகள். வில்லியம் பொனில் என்ற முதியவர் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் இருவரும் சந்தித்தார்கள். வீட்டுக்காரர் சாவித் துவாரத்தால் எட்டிப் பார்த்துப் பொலிசை அழைத்தார். 1835 நவம்பர் 27 ஆம் திகதி நியூகேற் சிறைக்கு வெளியே இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். இங்கிலாந்தில் இந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட கடைசி இருவர் அவர்கள்தாம். அறைக்காரரான பொனில் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டார்.

அவர்களை விசாரணைக்கு அனுப்பிய நீதவான் ஹென்ஸ்லி வெட்ஜ்வுட். உலகப் புகழ்பெற்ற பீங்கான் தொழிற்சாலையை நிறுவிய ஜோசையா வெட்ஜ்வுட்டின் பேரன். ஆலை முதலாளி வர்க்கத்திலேயே பிறந்தவர். அவர்தான் பின்னர் உள்நாட்டு அமைச்சருக்கு உயிர்ப்பிச்சை கேட்டு எழுதினார். எவருக்கும் தீங்கு நேராத இந்தச் செயலை, சிறிது பணம் இருந்தாலே யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம். ஆகவே தனியறை பிடிக்க வழியில்லாத ஏழைதான் பிடிபடுகிறான், பணக்காரன் பிடிபடுவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். கடிதம் பயன் தரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் வர்க்க முகத்தை அதைவிடத் தெளிவாக எழுதிய அரச ஆவணத்தை நான் வாசித்ததில்லை.

சாவித் துவாரம் இலண்டனோடு முடியவில்லை. 2003 இல் கொழும்பு மருதானையில் ஒரு வாகனத்துக்குள் இரு ஆண்கள் பிடிபட்டார்கள். 365அ பிரிவின் கீழ் வழக்கு. ஓராண்டுக் கடூழியச் சிறை. மேன்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 நவம்பரில் வந்த தீர்ப்பு, விருப்பத்தோடு கூடும் வயது வந்தோரின் அந்தரங்கம் அரசின் காவலுக்கு உரியதல்ல என்ற இக்காலச் சிந்தனையைக் குறிப்பிட்டது. இருந்தும் சட்டம் சட்டமாகவே இருக்கிறது என்று குற்றத்தீர்ப்பை உறுதிப்படுத்தி, சிறையை மாத்திரம் ஒத்திவைத்த தண்டனையாக்கியது. பதின்மூன்று ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் நின்றதற்குக் கிடைத்த நிவாரணம் அவ்வளவுதான். 1835 இல் வாடகை அறை, 2003 இல் வாகனம், 1982 இல் உமிக் கொட்டில். கதவைப் பூட்டிக்கொள்ள வீடில்லாதவர்களின் பட்டியல் இது.

1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது இந்தப் பிரிவு போய்விடும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆள்' என்று போட்டார்கள். அதன் பயனாக அதுவரை தப்பியிருந்த பெண்களும் குற்றவாளிகளானார்கள். சமத்துவம் இப்படியும் வரும். 2022 இல் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, றொசானா பிளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், இச்சட்டம் பெண்களின் உரிமையை மீறுகிறது என்று இலங்கைக்கு எதிராக முடிவு செய்தது. 2023 இல் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 2024 செப்டம்பரில் நாடாளுமன்றம் கலைந்தபோது அது நிறைவேறாமலே போயிற்று. இந்தியா 2018 செப்டம்பர் 6 ஆம் திகதி தன் 377 இன் கொடுக்கை முறித்துவிட்டது. தாய் வீடான இங்கிலாந்து 1967 இலேயே தொடங்கிவிட்டது. அப்போதும் படையினருக்கும் வணிகக் கப்பல்களின் மாலுமிகளுக்கும் அந்த விடுதலையைத் தரவில்லை என்பது துறைமுகத்துப் பிள்ளைகளான நாம் மறக்கக் கூடாத செய்தி.

*

இவ்விடத்தில் எம்மவரிடமிருந்து வரக்கூடிய ஒரு கேள்வி எனக்குத் தெரியும். மார்க்கம் அனுமதிக்காததை நீ நியாயப்படுத்துகிறாயா?

நான் பத்வா எழுத வரவில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. வரலாற்றைச் சொல்கிறேன். 365 ஆம் பிரிவு மதீனாவிலிருந்து வரவில்லை, இலண்டனிலிருந்து வந்தது. 1806 இல் ஆங்கிலேயர் இலங்கை முஸ்லிம்களுக்காகப் பதிவு செய்த சட்டக்கோவை வாரிசுரிமையையும் திருமணத்தையும் பற்றியது. உஸ்மானியப் பேரரசின் 1858 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் வயது வந்தோர் தனிமையில் மனமொத்துச் செய்வதைத் தண்டிக்கும் விதி இருக்கவில்லை. அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளின் பின் விக்டோரியாவின் அதிகாரிகள் எமக்கு எழுதித் தந்ததை எமது சொத்தாக எண்ணிக் காவல் காக்கிறோம்.

அதைவிட நேரான கேள்வி ஒன்று இருக்கிறது. உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பதில் எந்த மத்ஹபிலாவது கருத்து வேறுபாடு உண்டா? அந்த ஆலையில் ஒரு பாவத்தைக் காட்டி இன்னொரு பாவம் மறைக்கப்பட்டது. காட்டப்பட்டது பற்றி ஊர் நாற்பது ஆண்டுகள் பேசியது. மறைக்கப்பட்டது பற்றி ஒருவரும் பேசவில்லை.

*

ஆறு பேர் நிலத்தைப் பார்த்தார்கள் என்று எழுதினேன். அவர்களைக் குறை சொல்வதற்காக அல்ல. அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். ஆனால் வேறு துறைமுகங்களில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது.

1930களில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கப்பல் சமையற்காரருக்கும் பரிசாரகருக்கும் ஒரு தொழிற்சங்கம் பலம் பெற்றது. கறுப்பினத்தவரும் கம்யூனிஸ்டுகளும் தன்பாலீர்ப்பாளரும் நிறைந்த சங்கம் அது. தலைமையில் றெவெல்ஸ் கேய்ற்றன் போன்ற கறுப்பினத்தவர் இருந்தார்கள். அவர்களுடைய அனுபவ பாடம் எளிமையானது: இன்று ஒருவனைச் சிவப்பன் என்று தள்ளிவிட விட்டால், நாளை ஒருவனைக் கறுப்பன் என்று தள்ளிவிடுவான், மறுநாள் இன்னொருவனைப் பொம்பளை மாதிரி நடக்கிறான் என்று தள்ளிவிடுவான், மிஞ்சியவனுக்குச் சங்கமும் இருக்காது, சம்பளமும் இருக்காது. 1950 இல் அச்சங்கம் தன் கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது. துறைமுகப் பாதுகாப்பு என்ற பெயரில் அதன் உறுப்பினர்கள் கப்பல்களிலிருந்து வடிகட்டப்பட்டார்கள். சில ஆண்டுகளில் சங்கம் அழிந்தது. அவர்கள் கண்டுகொண்ட உண்மை அழியவில்லை.

1984 மார்ச்சில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. நீதிமன்றம் சங்கத்தின் நிதியை முடக்கியது. இலண்டனில் மார்க் அஷ்ரன் என்ற இளைஞரும் நண்பர்களும் வாளி ஏந்திப் பணம் திரட்டித் தென் வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்கிலுள்ள சுரங்கக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் தன்பாலீர்ப்பாளர்கள். பொலிசின் குண்டாந்தடி எப்படியிருக்கும் என்று இரு பகுதியாருக்கும் தெரிந்திருந்தது. அதுவே உறவுக்கு அடிப்படையாயிற்று. 20,000 பவுண்களுக்கும் மேல் சேர்ந்தது. வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோற்றது. ஆனால் அந்த ஆண்டு ஜூன் மாதம் இலண்டனில் நடந்த பெருமித ஊர்வலத்தில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் தம் பதாகைகளோடு முன்னணியில் நடந்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தீர்மானம் நிறைவேறியபோது சுரங்கச் சங்கத்தின் வாக்குகள் அதற்குப் பின்னால் நின்றன. மருமகளின் நாவலில் ஆலை எரிகிறது. டுலைஸில் எதுவும் எரியவில்லை. கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

*

எங்கள் பக்கத்தில் ஆலையை எரிக்க எவரும் தேவைப்படவில்லை. யுத்தம் அதைச் செய்தது. முதலாளி குடும்பத்தோடு கொழும்புக்குப் போய் அங்கேயே மவுத்தானார். 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் ஓடினோம். கட்டைபறிச்சானும் சம்பூரும் வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஓடின. சம்பூர்ச் சனங்கள் திரும்பி வந்தபோது ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகியிருந்தது. அங்கே நிலக்கரி மின்நிலையம், கனரகத் தொழிற்பேட்டை என்று கனவுகள் வரையப்பட்டன. 2012 இல் 818 ஏக்கர் முதலீட்டு வலயமாக வர்த்தமானியில் வந்தது. அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் தகரக் கூரையின் கீழ் இருந்தார்கள். 1840 இன் சட்டம் வேறு உடுப்போடு வந்தது போலிருந்தது. அவர்கள் விடாமல் கேட்டார்கள். 2015 இல் நிலம் விடுவிக்கப்பட்டது. 2016 இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. கற்பனைத் தொழிற்சாலை உலகம் ஒன்றைத் தேடி நாவலுக்குப் போகத் தேவையில்லை என்று மருமகளிடம் நான் சொன்னது இதை வைத்துத்தான்.

வாப்பா கடைசிக் காலத்தில் அடிக்கடி ஒன்றைச் சொல்வார். "கட்டைபறிச்சானில ஒராளுக்குக் கொடுக்க வேணும்." யார், எவ்வளவு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய ஜனாஸாவில், மவுத்தானவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்று வழமைப்படி அறிவித்தோம். எவரும் வரவில்லை. வரவேண்டியவர் அங்கே நிற்க முடியாதவர் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தக் காசு முதலாளியின் கடன் என்று சட்டம் சொல்லலாம். பெயரை வெட்டிய பேனை வாப்பாவுடையது.

விசாரித்து விசாரித்துப் போனேன். எழுபதைத் தாண்டியவர். முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். வாப்பாவின் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆலைக் கதை முழுவதையும், மேலே நான் எழுதிய கணக்கு உட்பட, ஒரு நாள் பிசகாமல் சொன்னார். லொறிக்காரப் பொடியன் 1990 இல் காணாமற் போனவர்களில் ஒருவன் என்பதையும் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

"உங்களுக்குக் கோபம் இல்லையா அண்ணன்? பழி வாங்க வேணும் என்று ஒரு நாளாவது நினைக்கல்லையா?" என்று கேட்டேன். மருமகளின் நாவல் என் மண்டைக்குள் இருந்திருக்க வேண்டும்.

"நினைக்காம? மில்லைக் கொளுத்தலாமெண்டு எத்தனை இரவு படுத்துக் கிடந்தனான். கொளுத்தினா மத்த ஆறு பேருக்கும் வேலை போயிருக்கும். எனக்கு என்ட சம்பளந்தான் தம்பி வேணும்."

கொண்டுபோன உறையை நீட்டினேன். அவர் அதைத் திறக்கவில்லை. "வட்டி போட்டனீங்களோ? உங்கட ஆக்கள் வட்டி எடுக்கிறதில்லையே" என்று சிரித்தார். பிறகு கணக்குச் சொன்னார். அந்தக் காசுக்கு அந்த நாளில் நாலு மூட்டை அரிசி வந்திருக்கும். நாலு மூட்டை தந்தால் போதும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

மறுநாள் நாலு மூட்டையோடு போனேன். மூட்டைகளை எண்ணி உள்ளே வைப்பித்த பிறகு, "கொப்பி எங்க?" என்றார். பழைய கணக்குக் கொப்பிகள் 2006 இல் வீட்டோடு போய்விட்டன என்றேன்.

"அப்ப புதுசு வாங்கி வாங்கோ. பேரை வெட்டினீங்கள்தானே. அதை எழுத வேணும்."

சந்திக் கடையில் சீ.ஆர். கொப்பியொன்று வாங்கி வந்தேன். முதல் பக்கத்தில் 1982 என்று ஆண்டைப் போட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர். 78 நாள். 1,560 ரூபா. தந்து தீர்ந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்துவிட்டுக் கீழே கையெழுத்து வைத்தார். பெயரில் ஓர் எழுத்தை நான் பிழையாக எழுதியிருந்தேன். அதையும் திருத்தினார்.